அடுக்குச் சட்டியை வைத்து அளந்த வண்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். யாங்கோன் என்று பெயர் மாறிப் பல வருடம் ஆகியும் எங்கள் வீட்டுப் பேச்சில் ரங்கூன்தான். உங்கள் பத்திரிகை இங்கே தாளாகக் கிடைக்காது. மகன் செல்போனில் எடுத்துக் கொடுப்பான். எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு படிப்பேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவனில்லை, கோவில் மண்டபத்துச் சாயங்கால வகுப்பில் கற்றதுதான். பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள்.

போன மாதம் ஞாயிறு இணைப்பில் மதுரை வாசகர் ஒருவர், தன் அப்பா ஓட்டிய மாட்டடார் வேனைச் சின்னதாகச் செய்து அலமாரியில் வைக்க ஆசை, அதற்கு கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கப் பாகம் பாகமாக வரும் பெட்டி, எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் எழுதியவர், அந்த வண்டிக்கு கிட் எதுவும் விற்பனையில் இல்லை, ஏதாவது கம்பெனி வெளியிட்டால்தான் உண்டு என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அந்த மதுரைக்காரருக்குத்தான் இந்தக் கடிதம். முகவரி தெரியாததால் உங்கள் மூலமாக.

தம்பி, கம்பெனி வெளியிடாது. பிளாஸ்டிக் கிட் செய்ய முதலில் எஃகில் அச்சு வெட்ட வேண்டும். அந்தச் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றாக வேண்டும். அதனால்தான் பந்தயக் கார், பீரங்கி வண்டி என்றே வருகிறது. கறிவேப்பிலை மூட்டை ஏற்றிய வேனுக்கும் ஆட்களை அடைத்துப் போன என் அப்பாவின் வண்டிக்கும் யார் அச்சு வெட்டுவார்கள்?

அப்பாவின் வண்டி மஸ்தா பி600. 577 சி.சி., இரண்டே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் கிடையாது, ஆகவே தண்ணீர் கொதிக்கும் தொல்லையும் கிடையாது. மூக்கு குட்டை. பின்னால் திறந்த தொட்டியில் இரண்டு பக்கமும் பலகை போட்டு, மேலே இரும்பு வளையத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கும். பர்மாக்காரர்கள் இதை லேபெய்ன் என்பார்கள், நாலு சக்கரம் என்று அர்த்தம். பக்கத்துக்கு நாலு பேர் என்று எட்டுப் பேர் உட்காரலாம். பின்படியில் தொங்குகிறவர்களை அப்பா கணக்கில் சேர்க்க மாட்டார், ஆனால் காசு வாங்கிவிடுவார். 1974இல் பழைய வண்டியாக வாங்கினார். தெய்ஞ்சீ சந்தை வாசலில்தான் நிற்கும். எங்கள் பெரியவர்கள் அந்தச் சந்தையைச் சூரத்தி பஜார் என்பார்கள்.

நான் நாற்பது வருடம் பட்டறையில் தகர வேலை பார்த்தவன். பஸ், லாரி எது மோதி வந்தாலும் தட்டி நிமிர்த்தியிருக்கிறேன். ஓய்வெடுத்த பிறகு அப்பாவின் வண்டியைச் செய்யலாம் என்று உட்கார்ந்தபோது, தகரமும் கத்தரியும் இருக்கிறது, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். பதினொரு மாதம் ஆயிற்று. அதில் ஐந்து மாதம் நான் எதையும் வெட்டவே இல்லை. அளவு தேடினேன்.

ஏனென்றால் வண்டி இல்லை. 2011 செப்டம்பரில் இங்கே ஒரு திட்டம் வந்தது. நாற்பது வயது தாண்டிய வண்டியை அரசிடம் ஒப்படைத்தால், அதற்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து ஒரு கார் இறக்க அனுமதிச் சீட்டு கிடைக்கும். அப்புறம் வயது வரம்பையும் குறைத்தார்கள். ஊரிலிருந்த பழைய வண்டியெல்லாம் வரிசையில் போய் நின்றது. அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். 2012இல் நானே ஓட்டிக்கொண்டு போய் ஒப்படைத்தேன். அந்தச் சீட்டில் வந்த ப்ரோபாக்ஸ் காரில்தான் மகன் இன்றைக்கும் டாக்ஸி ஓட்டுகிறான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் நின்ற நாலு மணி நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு சும்மா நின்றேனே, பையில் டேப் இருந்தும் ஓர் அளவு எடுக்கத் தோன்றவில்லை. பின்பலகைக் கொக்கி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரு படம். 1975இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். வண்டி பக்கவாட்டில் நிற்கிறது, மூக்குக்கு முன்னால் அப்பா ஒதுங்கி நிற்கிறார், மட்கார்டின் மேல் அவருடைய அடுக்குச் சட்டி, உங்கள் ஊரில் டிபன் கேரியர் என்பீர்கள். படத்தில் தெரிவது வண்டியின் இடது பக்கம். இங்கே 1970 டிசம்பர் 6 அன்று போக்குவரத்தை வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். ஸ்டீயரிங் எல்லாம் பழையபடி வலது பக்கமே இருக்க, டிரைவர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து ஓட்டும்படி ஆயிற்று. அப்படியானால் வலது ஓரமாக நிறுத்திய வண்டியின் இடது பக்கத்தை எடுத்தவர் நடு ரோட்டில் நின்றுதான் எடுத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான் போக்குவரத்து. இன்று அங்கே நின்றால் படம் அவரை எடுக்கும்.

அந்த அடுக்குச் சட்டி இன்னும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. கைப்பிடியோடு சேர்த்து உயரம் சரியாக ஓர் அடி, அதாவது 305 மி.மீ. இதைக் கவனித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. படத்தை சைன்போர்டு கடையில் கொடுத்துப் பெரிதாக அச்சடித்தேன். அதில் சட்டி 41 மி.மீ., வண்டி 396 மி.மீ. அப்படியானால் வண்டி சட்டியைப் போல ஒன்பதே முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. பெருக்கினால் 2 மீட்டர் 946.

இது சரியா என்று பார்க்க வேறொரு கணக்கு வேண்டும். மகன் தேடிக் கொடுத்தான். இந்த உடம்பு ஜப்பானில் பி360 என்ற வண்டிக்காகச் செய்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பெரிய எஞ்சினை வைத்து பி600 ஆக்கினார்கள். அந்தக் காலத்து ஜப்பான் சட்டப்படி இந்தச் சிறு வண்டி வகை நீளத்தில் 3 மீட்டரையும் அகலத்தில் 1.3 மீட்டரையும் தாண்டக் கூடாது. சட்டம் கொடுத்த இடத்தை எந்தக் கம்பெனியும் வீணாக்காது. அப்படியிருக்க எனக்கு ஐந்து சென்டிமீட்டர் குறைந்தது ஏன்? யோசித்துப் பார்த்தால் காரணம் சட்டிதான். அது மட்கார்டின் வெளி ஓரத்தில், கேமராவுக்குக் கொஞ்சம் அருகில் இருந்தது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும். அளவுகோல் பெரிதானால் அளக்கும் பொருள் சின்னதாகிவிடும். அந்தப் பிசகைச் சரிசெய்து 2 மீட்டர் 988 என்று வைத்துக்கொண்டேன்.

செய்வது இருபத்து நாலில் ஒரு பங்கு. ஓர் அடிக்கு அரை அங்குலம், அவ்வளவுதான் கணக்கு. அடி அங்குலத்தில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு இதை விடத் தோதான அளவு கிடையாது. கார் கிட்களில் நிறைய இந்த அளவில்தான் வருகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீளம் 124.5 மி.மீ., அகலம் 54க்கு உள்ளே, டயர் குறுக்களவு 21. இவ்வளவு சின்னதில் அரை மி.மீ. பிசகினால் கண் கண்டுபிடித்துவிடும். ஓட்டுநர் அறையின் கூரையை முதல் தடவை ஒரு மி.மீ. தூக்கிவிட்டேன். வண்டி தொப்பி போட்ட மாதிரி இருந்தது.

சரி, பொருள். பிளாஸ்டிக் தகடு இங்கே தேடி அலுத்துவிட்டேன். சைன்போர்டு கடை வெள்ளை பி.வி.சி. பலகையில் தொட்டியைச் செய்து, பட்டறைக் கார் பெயின்டை அடித்தேன். பத்து நிமிஷத்தில் பக்கப்பலகை அப்பளம் போலப் பொங்கிவிட்டது. கார் பெயின்டில் இருக்கும் தின்னர் அந்த மாதிரிப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். அப்புறம்தான் எனக்குத் தெரிந்த தகரத்துக்கே திரும்பினேன், அதுவும் கெட்டிப் பால் டின் தகரம். எங்கள் ஊரில் தேநீர்க் கடைக்குக் கடை அது மலையாகக் குவியும். அரிசி அளப்பதும் அதில்தான், எட்டு டின் சேர்ந்தால் ஒரு பியி என்று பர்மாக் கணக்கு.

தேக்குக் கட்டையில் ஓட்டுநர் அறையின் வடிவத்தைச் செதுக்கி உப்புத்தாள் போட்டுக்கொண்டேன். அதன் மேல் தகரத்தைத் துண்டு துண்டாக வளைத்து, கட்டையிலிருந்து எடுத்து ஈயத்தால் பற்ற வைத்தேன். பெரிய வண்டியில் இந்தத் தொல்லை வராது: ஒரு மூலையைப் பற்ற வைத்தால் அந்தச் சூட்டில் முந்தின மூலை கழன்று விழும். மூன்று தடவை மொத்தமாகப் பிரிந்து வந்தது. பற்ற வைத்த மூலையில் ஈரப் பஞ்சை ஒட்ட வைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் சூடு தாண்டாது. தொட்டியின் பக்கத்தில் ஓடும் வரிகளுக்குக் கட்டையில் பள்ளம் வெட்டி, அதன் மேல் தகரத்தை வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி இழுத்தேன். நாலு இழுப்பில் வரி எழும்பிவிடும். ஒரே இழுப்பில் எழுப்பப் பார்த்தால் தகரம் கிழியும்.

கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் இடைவெளி விடும்போது ஒரு வேடிக்கை. அசல் வண்டியில் அது சுமார் ஐந்து மி.மீ. இருந்தால், இதில் 0.2 தான். அவ்வளவு மெல்லிய அளவுக்கு எதை வைப்பது? அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 75 சாட் நோட்டு ஒரு கட்டு கிடந்தது, சாட் என்பது எங்கள் ஊர்ப் பணம். எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க அவர் சேர்த்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டு எதுவும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டதில் அத்தனையும் வெறும் தாளாயிற்று. எஞ்சின் கடைசிவரை புகை விட்டுக்கொண்டே ஓடியது. ஒரு நோட்டை இரண்டாக மடித்துக் கதவு ஓரத்தில் செருகி, கதவைப் பொருத்திவிட்டு நோட்டை உருவினேன். இடைவெளி கச்சிதம். அப்பா சேர்த்த பணத்துக்கு அந்த ஒரு உபயோகமாவது கிடைத்தது.

கிட் இல்லாமல் செய்பவனைச் சோதிப்பது சக்கரம். நாலும் ஒன்று போல இருக்க வேண்டும், கையால் நாலு தடவை செய்தால் நாலு விதமாக வரும். ஒரே ஒரு ரிம்மை அலுமினியத்தில் லேத்தில் கடைந்தேன். அக்கா மகன் பல் செட் செய்யும் கடையில் வேலை பார்க்கிறான். வாய் அச்சு எடுக்கும் சிலிக்கோனில் அதை அழுத்தி அச்சு எடுத்தான், பல் செட்டுக்கு ஊற்றும் அக்ரிலிக் பொடியையும் திரவத்தையும் குழைத்து ஊற்றினான். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் கல்லாகிவிட்டது. ஒரே மாதிரி ஐந்து ரிம், ஸ்டெப்னி உட்பட. என்ன, எல்லாம் ஈறு நிறத்தில் இருந்தது! பெயின்ட் அடிக்கும் வரை வண்டி என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. டயருக்குப் பட்டறையில் கழித்துப் போட்ட ரப்பர் புஷ்ஷை வெட்டி, ட்ரில்லில் மாட்டிச் சுற்றவிட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ததில் ஐந்து டயருக்கு ஒரு வாரம் போயிற்று.

ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் குமிழ் நன்றாகப் பொருந்தும். ஆனால் சரியான குறுக்களவில் குமிழ் வேண்டுமே. மருந்துக் கடையில் போய் மாத்திரையின் பெயர் சொல்லாமல் அளவு சொல்லிக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கடைசியில் என் மனைவியின் ரத்த அழுத்த மாத்திரை அட்டையே சரியாக இருந்தது. முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பாட்டில். இதில் ஓர் எச்சரிக்கை: கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி பனி மூடியது போல வெளுத்துவிடும், துடைத்தாலும் போகாது. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும். தார்ப்பாய்க்கு முதலில் பழைய லுங்கித் துணியைப் போட்டேன், சாக்கு மாதிரி இருந்தது. துணி எவ்வளவு மெல்லியதானாலும் நெசவு சின்னதாகாது. டிஷ்யூ பேப்பரை அதே வெள்ளைப் பசையில் நனைத்துப் போர்த்தியபோதுதான் தார்ப்பாய் தார்ப்பாயாகத் தொங்கியது.

நிறத்துக்கு வருகிறேன். வண்டி நீலம் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகமில்லை, எந்த நீலம் என்பதில்தான் சண்டை. படமோ கறுப்பு வெள்ளை. வருடா வருடம் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் அப்பா தானே பிரஷ்ஷால் ஒரு பூச்சு அடிப்பார், அந்த வருடம் சந்தையில் மலிவாகக் கிடைத்த நீலம் எதுவோ அது. எனக்கு ஞாபகம் இருப்பது ஒரு நீலம், மனைவிக்கு வேறு நீலம். அப்போதுதான் கொக்கி ஞாபகம் வந்தது. அதன் ஓரத்தில் ஈர உப்புத்தாளைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தேன். மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் போல ஒவ்வொரு பூச்சாக வெளியே வந்தது. பதினேழு வரை எண்ணினேன், நடுவில் ஒன்று பச்சை. ஏன் பச்சை என்று கேட்க இப்போது ஆளில்லை. அடியில் ரெட் ஆக்சைடு, அதன் மேல் முந்தைய உரிமையாளரின் சாம்பல் நிறம், அதற்கும் மேலே அப்பாவின் முதல் பூச்சு. அது நான் சொன்ன நீலமும் இல்லை, அவள் சொன்ன நீலமும் இல்லை; வானம் கறுத்து மழை வரும் முன் இருக்குமே, அப்படி. அந்த நிறத்தில் கொஞ்சம் வெள்ளை கலந்து அடித்தேன். சின்னப் பொருளில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும். வாடகை வண்டி என்பதால் சிவப்பு நம்பர் பிளேட், அதில் வெள்ளையில் பர்மிய எண்கள். சைன்போர்டு எழுதும் நண்பர் இரண்டரை மி.மீ. உயரத்தில் எழுதிக் கொடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினார், காசு வாங்கவில்லை.

மதுரைத் தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதுதான். பிளாஸ்டிக்கைப் பற்றி யோசிக்காதீர்கள், டேப்பை எடுங்கள். மாட்டடார் உங்கள் ஊரில் எங்காவது ஒரு பட்டறைப் பின்புறத்தில் புல் முளைத்துக் கிடக்கும். அது சென்னைப் புதுப்பேட்டைக்குத் துண்டு துண்டாகப் போய்ச் சேர்வதற்குள் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுங்கள். முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, தரையிலிருந்து கூரை வரை, கதவின் அகலம், கண்ணாடியின் மேல் விளிம்பு கீழ் விளிம்பு என்று கிடைத்த அளவையெல்லாம் எழுதுங்கள். படம் எடுக்கும்போது வண்டியோடு ஒட்டினாற்போல ஓர் அளவுகோலைச் சாய்த்து வையுங்கள், என்னைப் போலச் சட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று எடுக்காமல் தூரப் போய் நின்று, ஜூமில் இழுத்து எடுங்கள். அப்போதுதான் அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் பிசகு குறையும். நாலு பக்கமும் எடுங்கள். பின்பக்கத்தைக் கட்டாயம் எடுங்கள்.

பின்பக்கத்தை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என்னிடம் இருக்கும் ஒரே படத்தில் வண்டியின் பின்புறம் தெரியவில்லை. ஆட்கள் ஏறும் படி ஒரே பலகை என்று நான் செய்து வைத்தேன். என் மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் தினமும் அதில் ஏறியவள். பலகை இல்லை, இரண்டு இரும்புக் குழாய், மழையில் செருப்பு வழுக்கும் என்று அடித்துச் சொல்கிறாள். நான் முன்னால் உட்கார்ந்து போனவன், அவள் பின்னால் ஏறியவள், ஆகவே அவள் பேச்சுக்குப் பலம் அதிகம். ஆனாலும் பார்க்காமல் மாற்ற மனம் வரவில்லை.

உங்கள் வாசகர்களில் ரங்கூனிலிருந்து எழுபதுகளுக்குப் பிறகு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள். என் சித்தப்பா 1964இலேயே கப்பலேறிவிட்டார், அவரிடம் கேட்டுப் பயனில்லை. யாருடைய ஆல்பத்திலாவது, கல்யாண வீட்டுக்கு வந்து இறங்கும் படமோ, கோவில் திருவிழாப் படமோ, ஓர் ஓரத்தில் லேபெய்னின் பின்புறம் தெரிந்தால் பத்திரிகைக்கு அனுப்பி வையுங்கள். ஆசிரியர் எனக்குச் சேர்ப்பிப்பார் என்று நம்புகிறேன். அதுவரை வண்டி அலமாரியில் பின்புறத்தைச் சுவருக்குக் காட்டியே நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தகர வேலைக்காரர் ஒருவர்,
தாம்வே, யாங்கோன்.